பழுதான லேப்டாப்: சரி செய்வதா, விற்பதா, கழிப்பதா?



ஒரு காலத்தில் நம் கடைகளின் உயிர்நாடி சிவப்பு அட்டை போட்ட பேரேடு. அது நனைந்தால் வெயிலில் காயப்போட்டு எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் பேரேட்டின் இடத்தை லேப்டாப் பிடித்துக்கொண்டது. அது பழுதானால் என்ன செய்வது என்று நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பழுது பார்ப்பவர் சொன்னதைக் கேட்டுப் பணம் கொடுக்கிறோம், இல்லாவிட்டால் பரண்மேல் தூக்கிப் போடுகிறோம். இரண்டுமே நட்டம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதையடுத்து நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலும் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. கருணாபுரத்தில் நம் கடையின் மேற்கூரைத் தகடு ஒழுகி, பில் போடும் மேசை முழுவதும் தண்ணீர். காலையில் வந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் துடைத்து, "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்சை அழுத்தினோம். ஒரு நொடி விளக்கு எரிந்தது, அத்தோடு அணைந்துவிட்டது. அந்த ஒரு அழுத்தல்தான் நாம் செய்த பெரிய பிழை.

அப்போது மனதை அரித்தது லேப்டாப்பின் விலையல்ல. வெள்ளிமலைப் பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தீபாவளிக்குக் கடனாகக் கொடுத்த சரக்கின் கணக்கு முழுவதும் அதற்குள் இருந்தது. பொங்கலுக்குள் வசூலாக வேண்டிய பாக்கி. பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகலோ செப்டம்பர் மாதத்தோடு நின்றிருந்தது. இந்த அனுபவத்தில் கற்றதை நண்பர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறோம்.

முதலில் செய்ய வேண்டியது

நனைந்த லேப்டாப்பை இயக்கிப் பார்க்கவே கூடாது. தண்ணீர் மட்டும் கெடுப்பதில்லை. ஈரத்தோடு மின்சாரம் பாயும்போதுதான் உள்ளிருக்கும் சில்லுகள் எரிகின்றன. சார்ஜரைப் பிடுங்கி, ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணைத்து, பேட்டரி தனியே கழல்வதாக இருந்தால் கழற்றி, கவிழ்த்து வைத்து, அன்றைக்கே பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் திறந்து, அதற்கென்று உள்ள ஆல்கஹால் திரவத்தால் மதர்போர்டைக் கழுவி உலர்த்துவார். நாள் தள்ளினால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரம் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அரிசி விற்றே பிழைக்கும் நாமே சொல்கிறோம்: பயனில்லை. அரிசியின் தூசியும் மாவும் உள்ளே போவதுதான் மிச்சம்.

இயந்திரம் வேறு, கணக்கு வேறு

லேப்டாப் செத்தாலும் கணக்கு சாவதில்லை. கணக்கு இருப்பது ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்.எஸ்.டி.யிலோதான். பெரும்பாலான லேப்டாப்களில் அதைத் தனியே கழற்றி, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு கூட்டில் பொருத்தி, வேறு கணினியில் யு.எஸ்.பி. வழியாகப் படிக்கலாம். சில மெல்லிய ரகங்களில் மட்டும் அது மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். நமக்கு அப்படித்தான் தீபாவளிக் கணக்கு ஒரு ரூபாய் குறையாமல் திரும்பக் கிடைத்தது. ஆகவே பழுதைப் பற்றிப் பேசும் முன்பே, "டிஸ்க்கைக் கழற்றி முதலில் கணக்கை எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

இது கடன் பாக்கிக்காக மட்டுமல்ல. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னுக்கு உரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டின் ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அப்படியானால் அந்தக் கணக்கை 2030 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது.

சரி செய்யலாமா? கணக்கு இதோ

வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். துவரம் பருப்பை விலை ஏறியபோது வாங்கி, விலை இறங்கியபின் கையில் வைத்திருந்தால், அடக்க விலையைப் பார்த்தா விற்கிறோம்? அன்றைய சந்தை விலையைத்தானே பார்க்கிறோம்? இதுவும் அப்படித்தான். மூன்று விலைகளை மட்டும் விசாரியுங்கள். அதே ரகம் நல்ல நிலையில் பழைய விலைக்கு என்ன போகும்? உள்ளது உள்ளபடி பழுதோடு விற்றால் என்ன கிடைக்கும்? பழுது பார்க்கக் கூலியும் உதிரிப் பொருளும் சேர்த்து எவ்வளவு?

நல்ல நிலையில் 12,000 ரூபாய், பழுதோடு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீபோர்டு மட்டும் போயிருந்து செலவு 2,500 என்றால், விட்டுக்கொடுக்கும் 2,000 ரூபாயையும் சேர்த்து நமக்கு அடக்கம் 4,500. தயங்காமல் சரி செய்யலாம். மதர்போர்டு போய் 8,000 கேட்டால் அடக்கம் 10,000. லாபம் 2,000 போலத் தோன்றும். ஆனால் தண்ணீர் பட்ட மதர்போர்டு மறுபடியும் மக்கர் செய்யக்கூடியது. அதற்கு ஒரு மாத கியாரண்டிக்கு மேல் நமக்கு யாரும் தரவில்லை. அந்த 2,000 ரூபாய் அதற்கு ஈடாகாது. பழுதுச் செலவு, நல்ல பழைய லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம் என்பது நாம் வகுத்துக்கொண்ட விதி.

பேட்டரி, கீபோர்டு, சார்ஜர் முனை, கீல், எஸ்.எஸ்.டி. ஆகியவை பொதுவாகச் சரி செய்யத் தகுந்தவை. இரண்டு இடங்களில் விலை கேளுங்கள். நமக்கு ஓர் இடத்தில் கீபோர்டு என்றார்கள், இன்னோர் இடத்தில் மதர்போர்டு என்றார்கள். இரண்டாமவர் மீட்டர் வைத்துக் காட்டியதால் நம்பினோம்.

வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய இயந்திரத்தில், வங்கிப் பணப் பரிமாற்றமும் செய்யும் நிலையில், பெரும் பணம் போடுவது வீண்.

விற்பதானால்

வாங்கியபோது வரியைத் திரும்ப எடுத்திருந்தால் எச்சரிக்கை வேண்டும். 40,000 ரூபாய் லேப்டாப்புக்கு 18 சதவீதம், அதாவது 7,200 ரூபாய் உள்ளீட்டு வரி எடுத்திருப்போம். விற்கும்போது ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழித்த மீதி வரி, அல்லது விற்ற விலைக்கு உரிய வரி, இவற்றில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டு முடிந்து விற்றால் 12 காலாண்டுக்கு 60 சதவீதம் கழியும். மீதி 2,880 ரூபாய். 2,000 ரூபாய்க்கு விற்று 2,880 ரூபாய் வரி கட்டுவதா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! ஐந்து ஆண்டு கடந்துவிட்டால் விற்ற விலைக்கு மட்டும்தான் வரி. நம்முடையது ஐந்து ஆண்டு கடந்தது. 2,000 ரூபாய்க்கு 360 ரூபாய் வரியோடு முடிந்தது. விற்குமுன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கழித்துப் போடுவதானாலும் கேளுங்கள்.

இன்னொன்று: பைல்களை அழிப்பதால் அவை உண்மையில் அழிவதில்லை, தெரிந்தவர் மீட்டுவிடுவார். வாடிக்கையாளர் பெயர், போன் எண், நம் கொள்முதல் விலை எல்லாம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். நாம் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைத்தான் விற்றோம். வாங்கியவர் பெயரும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் எழுதிய பில்லும் போட்டோம்.

கழிப்பதானால்

எதற்கும் உதவாததைக் காயலான் கடையில் எடைக்குப் போடாதீர்கள். அங்கே செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிறார்கள். ஈயமும் நச்சுப் புகையும் எரிப்பவர் நெஞ்சுக்கும் நம் கோமுகி ஆற்று மண்ணுக்கும்தான் போகும். 2023 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம்தான் இவை போய்ச் சேர வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒரு கடைக்கு ஒன்று என்றால் அலைச்சல்தான். சங்கத்தில் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பினால் எளிது. இதைச் சங்க நிர்வாகிகள் பரிசீலிக்க வேண்டுகிறோம்.

பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய குடோனில் அதை ஓர் இரவுகூட வைக்காதீர்கள்.

இப்போது நம் கடையில் தினமும் கல்லாவை எண்ணி முடித்ததும் கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். ஐந்து நிமிட வேலை. பூட்டை இழுத்துப் பார்க்காமல் எந்த வியாபாரியும் வீட்டுக்குப் போவதில்லை. இதையும் அந்தப் பழக்கத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.