செல்போனில் 39 டிகிரி. தார்ச் சாலையில் எவ்வளவு?

சித்திரைத் தேருக்குப் பெரம்பலூர், அரியலூர் பக்கமிருந்து சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் பலர் செருப்பு போடுவதில்லை. கிளம்பும் முன் செல்போனைப் பார்க்கிறோம். 39 டிகிரி என்று காட்டுகிறது. "நேத்தும் இதேதானே" என்று நடக்க ஆரம்பித்துவிடாதீங்க. அந்த எண் உங்கள் பாதத்துக்கானது இல்லை.

அது காற்றின் வெப்பம். வானிலைத் துறை அதை நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் அளக்கிறது. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. டிஎன்-அலர்ட் செயலியில் எச்சரிக்கையும் வருகிறது. அதிலும் சொல்லப்படுவது காற்றின் சூடுதான். தார் கறுப்பு என்பதால், மேலே விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது.

உத்தேசமாக ஒரு கணக்கு: மேகமோ காற்றோ இல்லாத நாளில், பகல் 12 முதல் 3 மணி வரை, செல்போன் காட்டும் எண்ணோடு 20 முதல் 25 வரை கூட்டுங்கள். 39 என்றால் தார்ச் சாலை 59 முதல் 64 டிகிரி. சிமென்ட் சாலைக்கு 10 முதல் 15 கூட்டினால் போதும். சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே சிலர் நடப்பது சும்மா இல்லை. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வெயில் தாழ்ந்ததும் தார் உடனே ஆறிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

60 டிகிரி வெந்நீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். பாதத்தோல் தடிப்பு, தாரும் தண்ணீர் மாதிரி சட்டென்று சூட்டைக் கடத்தாது. அதனால் கொஞ்சம் தாங்குகிறோம். நீர்மோர்ப் பந்தல் வரிசையில் அசையாமல் நிற்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இன்னும் மோசம். "எனக்குச் சுடலையே" என்பார்கள். மாலையில் பார்த்தால் கொப்புளம். வேண்டுதல் இருந்தாலும் அவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.

சாலைச் சூட்டை அளப்பதாகச் சொல்லும் செயலிகளை நம்பாதீங்க. சாதாரண செல்போன் உணர்வது தன் பேட்டரியின் சூட்டைத்தான். வண்டி வராத ஓரமாகப் புறங்கையைத் தரையில் வையுங்கள். ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் வெறுங்காலோடு நடக்கும் இடமில்லை அது.

காலில் பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ், பற்பசை வேண்டாம்; கொப்புளத்தை உடைக்காதீங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.