தலையணித் திரைகளில் பிம்பத் தொலைவு: அன்றாடப் பயன்பாடும் மருத்துவப் பயன்பாடும்

முன்னுரை

மூக்குக் கண்ணாடிபோல் அணியப்படும் கணினித் திரைகள் பெரும்பாலும் படத்தெளிவு, எடை, மின்கலத் திறன் ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. ஆயின், அவை காட்டும் பிம்பம் கண்ணிலிருந்து எத்தொலைவில் அமைகிறது என்பதும் அவற்றின் பயனை வரையறுக்கும் முதன்மைக் கூறாகும். இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

பிம்பத் தொலைவின் தேவை

இயல்பான கண், ஏறத்தாழ 25 செ.மீ.க்கும் குறைந்த தொலைவிலுள்ள பொருளைச் சிரமமின்றித் தெளிவாகக் காண்பதில்லை. தலையணித் திரையோ கண்ணிலிருந்து சில செ.மீ. தொலைவிலேயே உள்ளது. எனவே, லென்சு போன்ற ஒளியியல் அமைப்பின் வழியாகத் திரையின் மாயபிம்பம் தொலைவில் தோற்றுவிக்கப்படுகிறது. அத்தொலைவு பெரும்பாலான கருவிகளில் மாறாதது.

அன்றாடப் பயன்பாடு

2013-இல் பயனர்களை அடைந்த கூகுள் கிளாஸ், 8 அடி (ஏறத்தாழ 2.4 மீட்டர்) தொலைவிலுள்ள 25 அங்குலத் திரைக்கு இணையான பிம்பத்தைத் தருவதாக அறிவிக்கப்பட்டது. தெருவில் நடப்பவரின் பார்வை சில மீட்டருக்கு அப்பாலேயே பதிவதால், அத்தகைய பிம்பத்தைக் காண விழி மிகுதியாகத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. வெள்ளெழுத்து உடையவரும் இதனை எளிதில் படிக்கலாம்.

மருத்துவப் பயன்பாடு

அறுவை அரங்கில் நிலைமை வேறு. மருத்துவரின் கைகள் ஏறத்தாழ 50 செ.மீ. தொலைவில் இயங்குகின்றன. 2019-இல் வெளியான ஹோலோலென்ஸ் 2 கருவியின் பிம்பம் ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவில் குவிகிறது. இவ்விரு தொலைவுகளுக்கும் விழிக்குத் தேவைப்படும் ஏற்பமைவு முறையே 2, 0.5 டையாப்டர், வேறுபாடு 1.5 டையாப்டர். ஆகவே, உடலின்மீது வழிகாட்டிக் கோடு காட்டப்படும்போது, திசு தெளிவாகத் தெரிந்தால் கோடு மங்கும். கோடு தெளிந்தால் திசு மங்கும். மில்லிமீட்டர் அளவு பிழையும் நோயாளியைப் பாதிக்கக்கூடிய இடத்தில் இது புறக்கணிக்கத்தக்கதன்று. அண்மைப் பார்வைக்கான கண்ணாடி அணியும் மூத்த மருத்துவருக்கு இடர் மேலும் மிகும். அக்கண்ணாடி வழியே 2 மீட்டர் பிம்பம் மங்கலாகவே தெரியும்.

இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவற்றை எண்களாகக் காட்டுவதற்கு இக்குறை பெருந்தடையன்று. அவற்றை ஒருகணம் ஏறிட்டுப் பார்த்தாலே போதும். வெட்டும் இடத்தின்மீதே படத்தைப் பொருத்துவதற்குக் கையின் தொலைவிலேயே பிம்பம் அமைய வேண்டும்.

முடிவுரை

அன்றாடப் பயன்பாட்டில் நிறையாக விளங்கும் பிம்பத் தொலைவே அறுவை அரங்கில் குறையாகிறது. எனவே, பொதுநோக்குக் கருவியை மருத்துவத்திற்கு அவ்வாறே எடுத்தாள்வதினும், பணி நிகழும் தொலைவை முதலில் அளந்து, அதற்கேற்பத் திரையை வடிவமைப்பதே பொருத்தமாகும்.