புதுக்கோட்டை தந்த இரு நடிகர்கள்

புதுக்கோட்டை என்றதும் சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் நினைவுக்கு வருகின்றன. கல்லிலே இசையைப் பொறித்து வைத்த அந்த மண், திரையிலே இசையை வாழவைத்த நடிகர் ஒருவரையும் நமக்குத் தந்தது. அவரே பி. யு. சின்னப்பா. அதே ஊரிற் பிறந்த மற்றொரு நடிகர் ஜெமினி கணேசன். இவ்விருவரையும் அருகருகே வைத்து நோக்கினால், தமிழ்ப் படவுலகில் 'நடிகர்' என்ற சொல்லின் பொருள் எவ்வாறு மாறியது என்பது விளங்கும்.

சின்னப்பா 1916-ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் சின்னசாமி. தந்தையார் உலகநாத பிள்ளையும் நாடக நடிகரே. சின்னப்பா சிறு வயதிலேயே மேடையேறி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பயின்றார். அந்நாளைய பாலர் நாடகக் கம்பெனி ஒரு குருகுலம் போன்றது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே, கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்குமாறு பாடவேண்டும். பாடிக்கொண்டே நடிக்கவும் வேண்டும். மகரக்கட்டு உடையும் பருவத்தில் குரலோடு வேடத்தையும் இழந்த சிறுவர் பலர். சின்னப்பாவோ கர்நாடக இசையை முறையாகக் கற்றார், சிலம்பம் பயின்றார், 1936-இல் 'சந்திரகாந்தா' வாயிலாகத் திரைக்கு வந்தார்.

1940-இல் வெளிவந்த 'உத்தமபுத்திர'னில் அவர் இரட்டை வேடம் பூண்டார். இன்று கணிப்பொறி செய்யும் வித்தையை அன்று காமிராவே செய்தது. வில்லையின் ஒரு பாதியை மூடிக்கொண்டு ஒருவனைப் படம்பிடிப்பர். பின்னர்ச் சுருளைத் திருப்பிச் சுற்றி, மறு பாதியில் மற்றவனைப் பிடிப்பர். எதிரே யாரும் இல்லாதபோதே இருப்பதாகப் பாவித்துப் பார்வையையும் பேச்சையும் நடிகர் அளந்து வைக்கவேண்டும். 1944-இல் வந்த 'ஜகதலப்பிரதாப'னில் அவரே பாடகராகவும், பக்கவாத்தியக்காரர்களாகவும் ஒரே காட்சியில் ஐந்து உருவாய்த் தோன்றினார். தாளம் இம்மியளவு பிசகினாலும் அக்காட்சி குலைந்துவிடும். அதனைக் காத்தது கருவியன்று. மேடையிலே பெற்ற லயஞானமே ஆகும்.

மேடை வளர்த்த கலைஞர் திரையை ஆண்டது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஜப்பானிலே காபூகி என்னும் மரபு நாடகம் உண்டு. அதில் பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்பர். அம்மேடையில் சிறுவனாகப் பயின்ற கஸுவோ ஹஸெகாவா, 1935-இல் தொடங்கி வெளிவந்த 'யுகினோஜோ ஹெங்கே' என்னும் படத்தில், காபூகி நடிகன், திருடன், அந்நடிகனின் தாய் ஆகிய மூவராகவும் நடித்தார். அவரே 1963-இல் அக்கதை மீண்டும் படமானபோது, நடிகனாகவும் திருடனாகவும் மறுபடி தோன்றினார். கடல் கடந்த இரு நாடுகளிலும் பல வேடம் தாங்கும் ஆற்றலை வளர்த்தது இளமைப் பயிற்சியே என்பது இதனால் தெளிவாகிறது.

'கண்ணகி', 'மங்கையர்க்கரசி' முதலிய படங்களால் புகழின் உச்சியில் இருந்த சின்னப்பா, 1951 செப்டம்பர் 23 அன்று, தம் 35-ஆம் வயதில் மறைந்தார். பின்னணிப் பாடகர் முன்னுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

ஜெமினி கணேசன் வந்த வழி வேறு. அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் படித்தவர். ஜெமினி ஸ்டூடியோவில் அலுவல் பார்த்தவர். 1947-இல் 'மிஸ் மாலினி'யில் சிறு வேடத்தில் தோன்றினார். 1953-இல் 'மனம்போல மாங்கல்யம்' படத்தில் கதாநாயகராகி, தம் ஊர்க்காரரைப் போலவே இரட்டை வேடம் புனைந்தார். ஆயினும் பாடியது அவர் குரலன்று. 1959-இல் வந்த 'கல்யாணப் பரி'சில் ஏ. எம். ராஜாவும், பின்னர்ப் பல படங்களில் பி. பி. ஸ்ரீநிவாஸும் அவருக்காகப் பாடினர். இதனை எளிய வேலை என்று எண்ணலாகாது. பிறர் குரலைத் தம் மூச்சாகவே காட்டவேண்டும். பாட்டின் உணர்ச்சி கண்ணிலும் இதழிலும் தெரியவேண்டும். அருகில் வந்துவிட்ட காமிராவுக்கு முன் அடங்கிய நடிப்பே எடுபடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

சின்னப்பாவின் நடிப்பு மிகையானது என்று இன்றைய இளைஞர் ஒதுக்கக்கூடும். அவர் கற்றது கடைசி வரிசைக்குக் கேட்கும் கலை. கணேசன் கற்றதோ மிக அருகிலிருந்து பார்க்கும் கண்ணுக்கான கலை. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளப்பது நியாயமாகாது. கணேசனைப் போன்ற நடிகர் இன்னும் பலர் வரலாம். பாடிக்கொண்டே நடிக்கும் நடிகரை உருவாக்கிய பாலர் கம்பெனிகளோ மறைந்துவிட்டன. ஆதலால் சின்னப்பாவின் படங்களைப் பார்ப்பவர், அவற்றைக் காதாலும் பார்க்கவேண்டும்.