நூறு ரூபாய்க்கு ஒரு மாடி வீடு!

‘‘நூறு ரூபாய்க்கு வீடு வருதாம்’’ என்றேன், காலை டிபன் நேரத்தில்.

‘‘அட்வான்ஸ் எத்தனை மாசம்?’’ என்றாள் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆறு வருஷத்தில் நாலு வாடகை வீடு மாறியவள்.

‘‘வாடகை இல்லம்மா, சொந்த வீடு! கல் கட்டடம், மாடியோட. இத்தாலியில!’’

‘‘பக்கத்துல ஸ்கூல் இருக்கா?’’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாலி என்றதும் ரோம், வெனிஸ் என்று கேட்காமல், எல்.கே.ஜி. அட்மிஷன் பற்றிக் கேட்கிறாளே! ஆனால், விஷயத்தைத் தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது... அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், வீடு நிஜம்தானா? நிஜம்தான் சார்! இத்தாலியின் தெற்கே சிசிலி தீவு. அங்கே சலேமி என்று ஒரு சின்ன ஊர். 1968 ஜனவரியில் வந்த பூகம்பத்தில் ஊரின் பழைய பகுதி சிதைந்துபோக, ஜனங்கள் காலி செய்துவிட்டார்கள். நாற்பது வருஷம் கழித்து 2008-ல், ‘இடிந்த வீட்டை ஒரு யூரோவுக்குத் தருகிறோம், சரிபண்ணிக் குடிவாருங்கள்’ என்று அந்த ஊர் மேயர் அறிவித்தார். பிறகு கான்ஜி, முசோமேலி என்று பல ஊர்கள் அதே வழியைப் பிடித்தன. 2019-ல் சாம்புகா என்ற ஊர் ஒரு யூரோவில் ஆரம்பித்து வீடுகளை ஏலம் விட்டபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஹாலிவுட் நடிகை லொரெய்ன் பிராக்கோ அங்கே ஒரு வீடு வாங்கி ரிப்பேர் செய்த கதை, 2020-ல் டி.வி. தொடராகவே வந்தது. சாம்புகாவில் 2021-ல் ஆரம்ப விலை இரண்டு யூரோ, 2024-ல் மூன்று யூரோ. விலைவாசி அங்கேயும் ஏறத்தான் செய்கிறது!

‘சும்மாவா கொடுப்பான்? ஏதோ வில்லங்கம் இருக்கு’ என்று உங்கள் ஆபீஸ் சீனியர் சொல்வார். வில்லங்கம் இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது. பிழைப்பு தேடி அமெரிக்கா, ஜெர்மனி, வட இத்தாலி என்று போனவர்கள் போனவர்கள்தான். தாத்தா கட்டிய வீட்டுக்கு வாரிசு ஏழு பேர். ரெண்டு பேர் நியூயார்க்கில், ஒருத்தர் மிலானில், மற்றவர்கள் எங்கேயென்றே தெரியாது. விற்பதென்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போடவேண்டும். (பங்காளி விவகாரத்துக்கு பாஸ்போர்ட் எதற்கு?) அதுவரை கூரை ஒழுகும், சுவர் சரியும், வரி மட்டும் வந்துகொண்டே இருக்கும். ‘யாராவது எடுத்துக்கிட்டா போதும்டா சாமி’ என்ற நிலைமையில்தான் பல வீடுகள் ஒரு யூரோவுக்கு வருகின்றன.

இனி கணக்கு. பி.காம். படித்தவனைக் கூப்பிட்டு வந்தால் கணக்கு பார்க்காமல் விடுவேனா? சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவை நூறு ரூபாயாக வைத்துக்கொள்வோம்.

வீட்டின் விலை நூறு ரூபாய். பதிவு வரி, அங்கே நிரந்தரமாகக் குடியேறாதவருக்கு 9 சதவிகிதம். ‘நூறு ரூபாயில் ஒன்பது ரூபாய்தானே’ என்று சந்தோஷப்படாதீர்கள். குறைந்தபட்சம் ஆயிரம் யூரோ கட்டியாக வேண்டும். அதாவது ஒரு லட்சம்! நோட்டரிக்கு இரண்டு, மூன்று லட்சம். ‘மூணு வருஷத்துக்குள்ள ரிப்பேரை முடிச்சுக் காட்டுறேன்’ என்பதற்கு டெபாசிட், பல ஊர்களில் ஐந்து லட்சம். முடித்தால் திரும்பி வரும். முடிக்காவிட்டால், கோவிந்தா!

அப்புறம் ‘ஜியோமெத்ரா’ என்று ஒருவர் வருவார். சர்வேயரும் இன்ஜினீயரும் பாதிப் பாதி கலந்த ஆசாமி. பதிவேட்டில் இருக்கும் பிளானும் வீடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர் அவர். அவருக்கும் சம்பளம். அப்புறம்தான் கூரை, குழாய், கரண்ட், கக்கூஸ். சின்ன வீட்டுக்கே முப்பது, நாற்பது லட்சம் சுலபமாகக் கரையும்.

வீடாவது எப்படி? பல வீடுகள் மாடிக்கு ஒரே ஒரு அறை. கீழே ஒரு காலத்தில் கழுதை கட்டிய இடம், நடுவில் சமையல், மேலே படுக்கை. சந்தில் கார் நுழையாது. செங்கல், மணல் எல்லாம் தலைச்சுமைதான். தண்ணீரும் தினமும் வராது, வருகிற நாளில் தொட்டியில் பிடித்து வைக்கவேண்டும். 2024 வறட்சியில் சிசிலிக்காரர்கள் பட்ட பாட்டைப் படித்தபோது, மெட்ராஸ்காரனான எனக்கு அந்த ஊர்மேல் ஒரு சொந்தமே வந்துவிட்டது.

இதனால்தான், ஒரு யூரோ வீட்டைப் பார்க்கப் போகிற பலர், அதே தெருவில் பத்தாயிரம், இருபதாயிரம் யூரோவுக்கு இருக்கும் உருப்படியான வீட்டை வாங்கித் திரும்புகிறார்கள். ஜவுளிக்கடை வாசலில் ‘99 ரூபாய் முதல்’ என்று போர்டு இருக்குமே, அதில் ‘முதல்’ மட்டும் பொடி எழுத்தில்? அதே கதை! ஆனால் குற்றம் சொல்ல முடியாது. பத்து, இருபது லட்சத்துக்குக் குடியிருக்கத் தக்க வீடு கிடைத்தால் அதுவும் கொள்ளை மலிவுதானே.

நம்மால் முடியுமா? ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், அதில் வீடும் வாங்கலாம். ஆனால், அதற்காக நம்மூர் வங்கியில் கடன் வாங்கி அனுப்ப முடியாது. இ.எம்.ஐ. கனவு அவுட்! வாங்கிய வீட்டை வருமான வரி ரிட்டர்னில் காட்டாமல் விட்டால், அபராதம் பத்து லட்சம் வரை போகும். நூறு ரூபாய் வீட்டுக்குப் பத்து லட்சம் அபராதம்!

இன்னொன்று. வீடு வாங்கினால் விசா வந்துவிடாது. டூரிஸ்டாகப் போனால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். உங்கள் வீட்டிலேயே நீங்கள் விருந்தாளி! கம்ப்யூட்டர் வைத்து எங்கிருந்தும் வேலை செய்பவர்களுக்கு 2024-ல் இத்தாலி ஒரு விசா கொண்டுவந்தது. அதற்கு வருஷத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபாயாவது சம்பாதிக்கவேண்டும். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன், இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

இனி என் மனைவி கேட்ட கேள்வி. 1964-ல் இத்தாலியில் பிறந்த குழந்தைகள் பத்து லட்சத்துக்கும் மேல். 2024-ல் மூன்று லட்சத்து எழுபதாயிரம்தான். சின்ன ஊர்களில் பிள்ளைகள் குறைந்து, பல வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்து உட்காரவைக்கிறார்கள். அதுவும் முடியாமல் பள்ளிக்கூடம் மூடினால் இளம் குடும்பம் கிளம்பிவிடும். குடும்பம் போனால் கடை மூடும். டாக்டர் வரமாட்டார். பஸ் குறையும். அப்புறம் மிச்சமிருப்பது தாத்தா, பாட்டிகளும் பூட்டிய கதவுகளும்தான்.

அந்த மேயர்களுக்கு வேண்டியது நம் நூறு ரூபாய் இல்லை சார். பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை! கோடையில் பத்து நாள் தங்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறவர் வாங்கினால் கூரை பிழைக்கும், ஊர் பிழைக்காது. குடும்பத்தோடு போக நினைப்பவர் யாராக இருந்தாலும் என் யோசனை இது. ஜனவரிக் குளிரில் ஒரு மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணுங்கள். பிறகு பேனாவைத் திறங்கள்.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: ‘‘பாவம் அந்த ஊர். நம்ம பையனையாவது ரெண்டு நாள் அனுப்பி வெச்சா, கிளாஸ்ல சத்தமாவது இருக்கும்.’’

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. ஹவுஸ் ஓனர்! அன்றைக்குத் தேதி ஐந்து.