காரோட்டப் போவது யார்? காப்புரிமைக் கோப்பு சொல்லும் சேதி

ஓட்டுநர் இல்லாத கார் எப்போது வரும் என்று கேட்டால் கம்பெனிகள் ஆளுக்கொரு வருடம் சொல்கின்றன. சொன்ன வருடம் வந்ததும் அடுத்த வருடத்தைச் சொல்கின்றன. காப்புரிமை விண்ணப்பத்தில் இந்த ஜம்பம் செல்லாது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கியாக வேண்டும்.

ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் இப்படிக் குவிந்த கோப்புகளை அலசி 2018 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 18,000 விண்ணப்பங்கள். 2017-ல் மட்டும் 4,000-ஐ நெருங்கிவிட்டன. 2011 முதல் 2017 வரையிலான பட்டியலில் முதல் நான்கு இடங்கள் சாம்சங், இன்டெல், குவால்காம், எல்ஜி. பாஷும் டொயோட்டாவும் அவர்களுக்குப் பின்னால்தான். முன்னால் போகும் வண்டியோடும் சிக்னல் கம்பத்தோடும் பேசியபடி ஓடும் காருக்கு, எஞ்சினைவிட சிப்பும் அலைவரிசையும் முக்கியம் அல்லவா!

இந்தக் கோப்புகளைப் பொறுக்கி எடுப்பதே ஒரு கலை. 'ஆட்டோமேட்டிக்' என்று தேடினால் கியர் பெட்டியும் சேர்ந்து வரும். அதனால் ஆய்வாளர்கள் வகைப்பாட்டுக் குறியீட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். பி60டபிள்யூ 60 என்றால் தானாக ஓடும் வாகனத்தின் கட்டுப்பாடு. எச்04டபிள்யூ 4/40 என்றால் வாகனங்களுக்கான கம்பியில்லாத் தொடர்பு. இரண்டும் ஒரே கோப்பில் இருந்தால் தேடியது கிடைத்த மாதிரி. ஒரு சங்கடம்: விண்ணப்பம் பொதுவாகப் 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். இன்று பார்ப்பது ஒன்றரை வருடப் பழைய செய்தி.

எண்ணிக்கையை நம்பியும் ஏமாறலாம். 2017-ல் ஓட்டுநர் இல்லாத கார்களை உருவாக்கும் வேமோ நிறுவனம் உபர் மீது வழக்குத் தொடுத்தபோது கையில் வைத்திருந்த ஆயுதங்களில் ஒன்று, லேசரால் தூரம் அளக்கும் லிடார் கருவிக்கான 9,368,936 எண் காப்புரிமை. வழக்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத எரிக் ஸ்வில்டன்ஸ் என்ற பொறியாளர் அதைப் புரட்டிப் பார்த்தார். அதிலிருந்த மின்சுற்றுப் படமே அவருக்கு இடித்தது. சொந்தப் பணம் 6,000 டாலரைக் கட்டி மறுபரிசீலனை கேட்டார். வெலோடைன் நிறுவனத்தின் முந்தைய காப்புரிமையையும் எடுத்துக்காட்டினார். 2018-ல் அமெரிக்க காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதகர் 56 உரிமைக்கோரிக்கைகளில் 53-ஐ நிராகரித்தார். அதற்குள் வழக்கு சமரசத்தில் முடிந்திருந்தது.

வெறும் எண்ணிக்கையில் இப்படி அடிபட்ட காப்புரிமையும் ஒன்று, உறுதியானதும் ஒன்று. அதனால் விவரமறிந்தவர்கள், ஒரு காப்புரிமையைப் பின்னால் வந்தவர்கள் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், எத்தனை நாடுகளில் அதற்கு விண்ணப்பித்தார்கள் என்று பார்க்கிறார்கள். உரிமையாளர் அதற்குத் தொடர்ந்து செலவு செய்கிறாரா என்பதும் கணக்கில் வரும். அமெரிக்காவில் மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் உரிமை காலாவதி.