சுவிட்ச் யார் கையில்?

புலன் விளையாட்டு அறை என்றதும் பலருக்கும் சாமான்கள்தான் நினைவுக்கு வரும். நிறம் மாறும் குமிழிக் குழாய், தொட்டால் மினுங்கும் ஒளியிழைகள், மெத்தை விரித்த தரை, ஊஞ்சல், பந்துத் தொட்டி. அறை அமைக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பதும் இவற்றின் விலையைத்தான். ஆட்டிச நிலைக் குழந்தைகளும் ஏடிஹெச்டி உள்ளவர்களும் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து விளையாடும் ஓர் இடத்தின் தரத்தை இந்தப் பட்டியலைக் கொண்டு அளக்கக் கூடாது என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. விளக்கைக் குறைக்கவும், ஊஞ்சலை நிறுத்தவும், போதும் என்று விலகிப் போகவும் அந்தக் குழந்தையால் முடிகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அளவுக்கு மீறி உணர்வதும் போதாமல் உணர்வதும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. ஒரு குழந்தைக்கு இதமான வெளிச்சம் இன்னொரு குழந்தைக்கு வலியாகலாம். எந்த அளவு இதம் என்பது அந்த உடம்புக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த அறைகள் பிறந்த கதையிலும், பயன்படுத்துபவரின் விருப்பமே முதன்மை என்ற எண்ணம் இருக்கிறது. 1970களில் நெதர்லாந்தின் ஹார்டன்பர்க் நிலையத்தில், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக யான் ஹுல்செகெ, ஆட் வெர்ஹுல் இருவரும் 'ஸ்னூசலன்' என்ற முறையை உருவாக்கினார்கள். தொடக்கம் ஒரு சாதாரணக் கூடாரம். மின்விசிறிக் காற்றில் பறக்கும் காகிதத் துண்டுகள், நீரில் கலக்கும் மையைத் திரையில் காட்டும் ஒளி, இசைக்கருவிகள், வாசனைப் பொருள்கள், அவ்வளவுதான். யாருக்கும் எதையும் கற்பிக்கும் நோக்கம் அங்கே இல்லை. அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏயர்ஸ் வளர்த்தெடுத்த புலன் ஒருங்கிணைப்பு முறையிலும் குழந்தையின் உள்ளார்ந்த உந்துதலுக்கே முதலிடம்.

கட்டுப்பாடு குழந்தையின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்தார்கள். நான்கு முதல் பன்னிரண்டு வயதுவரையிலான 41 ஆட்டிச நிலைக் குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். ஒரே அறை, அதே சாமான்கள். ஒரு முறை ஒளியையும் ஒலியையும் குழந்தையே மாற்றலாம். இன்னொரு முறை அந்த வசதி இல்லை. கட்டுப்பாடு தம் கையில் இருந்தபோது குழந்தைகளின் கவனம் கூடியது. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகளும் ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் சொல்வதும் குறைந்தன. 'விட்டால் நாள் முழுக்கச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பான்' என்று அஞ்சுகிறவர்கள் இந்த முடிவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அது ஆய்வுக்கென அமைத்த அறை. பல குழந்தைகள் ஒன்றாக ஓடியாடும் கூடத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது.

வலுவான மறுப்பும் இங்கேதான் எழுகிறது. ஒரு சிறுவன் பறையடிக்கும் சுதந்திரம் பக்கத்துச் சிறுமியைக் காதைப் பொத்த வைத்தால், அவளுடைய கட்டுப்பாடு எங்கே போயிற்று? நியாயமான கேள்வி. ஆனால் அது இட அமைப்பைப் பற்றிய கேள்வி. கூடத்தின் ஒரு மூலையில் சத்தம் எட்டாத சிறு அறை வேண்டும். கலவரமான பகுதியைக் கடக்காமலே அங்கே போக வழியும் வேண்டும். கூட்டம் குறைந்த, விளக்கு மங்கிய நேரங்களை முன்கூட்டியே அறிவிக்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படங்களாக வாசலிலேயே மாட்டலாம். அமைதி மூலையைத் தண்டனைக்கான இடமாக மட்டும் ஆக்கிவிடக் கூடாது. கத்திய பிள்ளையை இழுத்துவந்து உட்காரவைக்கும் இடமாக அது மாறிவிட்டால், அடைக்கலம் தேவைப்படும் குழந்தை அதன் பக்கமே போகாது.

இத்தனை சுதந்திரம் கொடுத்தால் சிகிச்சை எப்போது நடக்கும் என்று கேட்கும் பெற்றோரின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் விளையாட்டு அறையை மருந்தாக விற்கக் கூடாது. பிரிட்டனில் 138 குழந்தைகளிடம் நடத்தி 2022இல் வெளியான சோதனையில், புலன் ஒருங்கிணைப்புத் தெரபி பெற்றவர்களுக்கும் வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களுக்கும் எரிச்சல், பதற்றம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முறையான தெரபிக்கே இந்த நிலை என்றால், வாரம் ஒரு மணி நேர விளையாட்டைக் காட்டி யாரும் பெரிய வாக்குறுதி கொடுக்க முடியாது. கொடுக்கத் தேவையும் இல்லை. மற்றப் பிள்ளைகள் பூங்காவில் சறுக்குவதற்கு நாம் பலன் கேட்பதில்லையே!

குழந்தை முடிவெடுத்தால் பெரியவருக்கு வேலை குறையும் என்று எண்ண வேண்டாம்; கூடும். பேசாத குழந்தையின் மறுப்பு முகத்தைத் திருப்புவதில் இருக்கலாம், விரல்களை மடக்குவதில் இருக்கலாம், திடீரென்று உடம்பு இறுகுவதில் இருக்கலாம். அதைக் கண்டுகொள்ளவும், நீட்டிய பொருளைப் பதில் வரும்வரை பொறுமையாகப் பிடித்திருக்கவும், ஆபத்து என்றால் மட்டும் குறுக்கிடவும் பயிற்சி வேண்டும். ஓர் ஊழியர் பத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அறை அமைக்கப் பணம் ஒதுக்கும் பள்ளிகளும் நகராட்சிகளும் இன்னொரு குமிழிக் குழாய்க்குப் பதிலாக இன்னொரு பயிற்சி பெற்ற ஊழியரின் சம்பளத்தைத் திட்டத்தில் எழுத வேண்டும். அதையும் திறப்பு விழாவோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் எழுத வேண்டும்.