டிமர் சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன்

கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் புது வீடு கட்டுபவர்கள் கைத்தொலைபேசியால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் டிமர் சுவிட்சை விரும்பிப் பூட்டுகிறார்கள். பழைய வீட்டுக்காரர்களும் இருந்த சுவிட்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டுகிறார்கள். தொல்லை அதிகம் வருவது இந்த இரண்டாவது வகையில்தான். பல்ப் கண் சிமிட்டும், நிறுத்திய பிறகும் மங்கலாக எரியும், சுவிட்ச் இரையும். கடைக்காரரைக் கேட்டால் வயரிங்கில் பிழை என்பார். வயரிங் பாஸைக் கேட்டால் பல்பில் பிழை என்பார். யார் சொல்வது சரி என்பதைச் சுவரில் கை வைக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

முதலில் பல்பைப் பாருங்கள். டிமர், மின்சார அலையின் ஒரு துண்டை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. சாதாரண எல்ஈடி பல்புக்கு இந்த வெட்டு ஒத்துவராது. பெட்டியில் 'டிமபிள்' என்று போட்டிருக்க வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்ப் ஒன்று கிடைத்தால் அதைப் போட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக மங்கி எரிந்தால் குறை பெரும்பாலும் எல்ஈடி பல்பிலோ, டிமருக்குத் தேவையான குறைந்தபட்ச வாட் இல்லாததிலோதான். பல்பைக் கழற்றுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பல டிமர்கள் 'ஓஃப்' என்று காட்டும்போதும் சிறிதளவு கரண்டை விட்டுக்கொண்டே இருக்கும்.

வீட்டில் எல்லா விளக்கும் சேர்ந்து துடித்தால் டிமரை விட்டுவிடுங்கள். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் ஆடினால் 1987ஐ அழைத்து மின்சாரம் வழங்குவோரிடம் முறையிடலாம். மீற்றர் வரையில் அவர்கள் பொறுப்பு, அதற்கு அப்பால் நம் பொறுப்பு.

தொலைபேசிக்கு மட்டும் பதில் சொல்லாத சுவிட்ச் என்றால் ரவுட்டரைப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இயங்குபவை. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினால் சுவிட்சுக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நம் மலைச்சரிவு வீடுகளில் ரவுட்டர் வீதி மட்டத்தில் இருக்கும், படுக்கையறை இரண்டு தட்டுக் கீழே இருக்கும். கொங்கிரீட் தட்டைத் தாண்டி அலை இறங்காததற்குச் சுவிட்ச் என்ன செய்யும்?

இனி ஆபத்தான இடத்துக்கு வருவோம். பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் பெரும்பாலும் இருக்காது. லைவ் வந்து, பல்புக்குப் போகும், அவ்வளவுதான். ஆனால் பல ஸ்மார்ட் டிமர்களுக்குத் தம்மைத்தாமே உயிரோடு வைத்திருக்க நியூட்ரல் வேண்டும். அது இல்லாத பெட்டியில் சிலர் எர்த் வயரையே நியூட்ரலாக இணைத்துவிடுகிறார்கள். சுவிட்சும் வேலை செய்யும். வீட்டுக்காரரும் மகிழ்ச்சியோடு காசு கொடுப்பார். என்றாவது ஒருநாள் எர்த் இணைப்பு அறுந்தால், அந்த வயரோடு சேர்ந்திருக்கும் ஃபிரிட்ஜின் உடம்பிலும் இஸ்திரிப்பெட்டியிலும் கரண்ட் ஏறும். எர்த்துக்குப் போகும் கரண்ட் 30 மில்லி அம்பியரை நெருங்கினால் ட்ரிப் சுவிட்ச் விழும். அப்படி விழுந்துகொண்டே இருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும். 'ட்ரிப் சுவிட்ச் தொந்தரவு, நேரடியாகப் போட்டுவிடுகிறேன்' என்று சொல்பவரை அன்றே வாசலோடு அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் வயரை இழுத்துக் கொண்டுவருவது, அல்லது நியூட்ரல் தேவைப்படாத வகை டிமரை வாங்குவது, இவை இரண்டுமே சரியான வழி. வேலை செய்பவரிடம் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கனடாவிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவரும் டிமர் இன்னொரு பொறி. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதைவிட மோசமானது வயரின் நிறம். அங்கே கறுப்பு வயர்தான் லைவ். நம் பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துப் பூட்டுபவர் தலைகீழாகப் பூட்டுவார். இசட்-வேவ் என்ற வானொலி முறையில் இயங்கும் வகையென்றால் அங்கு பாவிக்கும் வானொலி அலைவரிசையும் ஐரோப்பாவினுடையதும் வேறு வேறு. ஒரு பகுதியின் கருவி மற்றப் பகுதியின் மையக் கருவியோடு பேசாது. உறவினருக்கு நன்றி சொல்லிவிட்டு அதை அலமாரியில் வைப்பது நல்லது. லண்டனிலிருந்து வருவது வோல்ட்டளவில் நமக்குப் பொருந்தும். எங்கிருந்து வந்தாலும், விளக்கு டிமரில் மின்விசிறியை இணைக்கக் கூடாது. மோட்டார் இரைந்து சூடேறும்.

அனெக்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். செயலியின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? பூட்டியவர் தன் தொலைபேசியில் தொடங்கிய கணக்கை மாற்றிக்கொடுக்காமல் போனால், உங்கள் விளக்கு எப்போது எரிகிறது என்பது அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். வாடகைக்காரர் மாறும்போதெல்லாம் சுவிட்சை ரீசெட் செய்து புதிதாகப் பதியுங்கள்.

ஒரு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இவ்வளவு பாடா என்று கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எல்லாம் பார்த்தும் குறை பொருளில்தான் என்றால், சட்டம் உங்கள் பக்கம். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமே, இன்ன தேவைக்கு என்று விற்பனையாளரின் அறிவை நம்பிச் சொல்லி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்கிறது. ஆகவே, 'என் பெட்டியில் நியூட்ரல் இல்லை, இது சரிவருமா?' என்று கடையில் கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, பற்றுச்சீட்டுக் கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆகவேண்டும். கூலி வாங்கிச் செய்யும் வேலையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும்.

கடைக்காரர் கைவிரித்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்திலேயே கொடுக்க வேண்டும். அதுவும் வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள். 'அடுத்த கிழமை வாருங்கள்' என்று கடைக்காரர் இழுத்தடிக்கும் நாட்களும் அந்த 3 மாதத்தில்தான் கழியும். சிங்களத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கண்டியிலும் அரச அதிகாரிக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, தமிழிலேயே எழுதுங்கள்.